நூற்று நாற்பத்து நான்கு சட்டைகளும் ஒரு நேர்மாறும்

ஜனவரி 8

தென்காசியின் வரலாற்றை எழுதப் போகிறவர்கள் இன்றைய தேதியைக் குறித்துக்கொள்ளட்டும். பெண்கள் பள்ளி விடுதியின் துணி வெண்சங்கு லாண்டரிக்கு வரப்போகிறது. வெண்சங்கு லாண்டரி என்றால் நான். நான் என்றால் பூலுடையார், வயது ஐம்பத்தேழு, முப்பத்தோரு ஆண்டுகளாக இந்த ஊரின் அழுக்கை எதிர்த்துத் தனியொருவனாக நிற்பவன். இஸ்திரி போடும் மொய்தீனையும் சேர்த்தால் ஒன்றரைப் பேர்.

இந்த வாய்ப்பை வாங்கித் தந்தவள் என் அக்காள் மகள் ஆவுடைச்செல்வி. அதே பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிறாள். எங்கள் வீட்டில் தங்கித்தான் போய்வருகிறாள். அவள் பெருக்கிச் சொல்லும் வேகத்தைக் கண்டு என் கடைக் கால்குலேட்டர் வெட்கப்பட்டுத் தானாக அணைந்துவிடுகிறது. இதை நான் பார்த்திருக்கிறேன். இருந்தும் அவள் வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை.

விடுதிக்கு முன்பு வெளுத்துக் கொடுத்தவர் சட்டைகளை மாற்றி மாற்றிக் கொடுத்திருக்கிறார். ஒரு பிள்ளையின் தேமல் பத்துப் பிள்ளைகளுக்குப் பரவி, பெற்றோர் விடுதி வாசலில் வந்து நின்றார்களாம். அவரை நிறுத்திவிட்டார்கள். "எங்க மாமா கடைக்குக் குடுங்க மேடம், ஒரு சட்டை மாறாது, நான் பொறுப்பு" என்று செல்வி சொல்லியிருக்கிறாள். வார்டன் அருள்மணி அம்மாள் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்து, "உன் வார்த்தைய நம்பித்தான் குடுக்கேன். தப்பாச்சுன்னா உன் வேலை நிரந்தரமாகுறதுக்கு என் கையால ஒரு வரி எழுத மாட்டேன், தெரிஞ்சுக்கோ" என்றாராம்.

குடியரசு தின அணிவகுப்புக்குத் தைத்த வெள்ளைச் சட்டைகள். டிசம்பர் ஒத்திகையில் செம்மண் படிந்து கிடப்பவை. இருபத்துநான்கு அறை, அறைக்கு ஆறு பிள்ளை, ஆளுக்கு ஒரு சட்டை. பொங்கல் விடுமுறை முடிந்து இருபதாம் தேதி மாலை பிள்ளைகள் திரும்பும்போது அவரவர் கட்டிலில் அவரவர் சட்டை இருக்க வேண்டும். அவ்வளவுதான். சந்திரனுக்கு ராக்கெட் விடுகிறவர்களுக்கு வேண்டுமானால் இது கஷ்டமாக இருக்கலாம்.

இந்த ஆண்டு நாட்குறிப்பை அச்சிட்டவன் கோடுகளை வெளிர்நீலத்தில் போட்டுத் தொலைத்திருக்கிறான். மனிதர் எவர் கண்ணுக்கும் அது தெரியாது. நானே தடித்த பேனாவில் கோடு போட்டு எழுதுகிறேன்.

ஜனவரி 10

செல்வி கூடத்தில் தாள்களைப் பரப்பிக்கொண்டு பாடம் தயாரித்தாள். கணித உலகம் எந்த நிலையில் இருக்கிறது என்று விசாரித்தேன்.

"நேர்மாறு நடத்துதேன் மாமா. ஒரு எண்ணை நினைங்க. அஞ்சால பெருக்கிச் சொல்லுங்க."

"நாப்பத்தஞ்சு."

"நீங்க நினைச்சது ஒம்பது."

"என் மனசுக்குள்ள எப்படிளா நுழைஞ்ச?"

"நுழையல. அஞ்சால வகுத்தேன். நீங்க போன வழியிலயே திரும்பி வந்துட்டேன். அதான் நேர்மாறு. இப்ப இன்னொரு எண்ணை நினைச்சு, பூச்சியத்தால பெருக்குங்க."

"பூச்சியம்."

"நீங்க என்ன நினைச்சீயன்னு எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. எல்லா எண்ணும் போயி ஒரே குழியில விழுந்துட்டு. குழியப் பாத்து எது விழுந்துச்சுன்னு எப்படிச் சொல்ல? அதுக்கு நேர்மாறு கிடையாது மாமா. வேற வேற இடத்துலருந்து கிளம்புனது வேற வேற இடத்துக்குப் போய்ச் சேரணும். அப்பத்தான் திரும்பி வர முடியும்."

மாலைக்குள் பிரபஞ்சம் முழுவதையும் இரண்டாகப் பிரித்துவிட்டேன். கசங்கிய சட்டைக்கு நேர்மாறு உண்டு. அதன் பெயர் மொய்தீன். ஆட்டிய மாவுக்கு இல்லை. பூட்டிய கதவுக்கு உண்டு, சாவி தொலையாத வரைக்கும். கல்யாணத்துக்கு உண்டா என்று என் வீட்டம்மா சுந்தரவடிவிடம் கேட்டேன். "இருந்திருந்தா நான் எப்பவோ திரும்பிப் போயிருப்பேன்" என்று சொல்லிவிட்டுக் கத்தரிக்காய் நறுக்கினாள்.

ஜனவரி 11

மூட்டைகள் வந்தன. அறைக்கு ஒரு மூட்டை. மூட்டையின்மேல் கைப்பிடி அகலத்துக்கு அறை எண். உள்ளே ஆறு சட்டை. ஒவ்வொன்றிலும் பிள்ளையின் பெயரெழுதிய துண்டுச்சீட்டு குத்தியிருந்தது.

செல்வி நான்கு பக்கத்துக்கு ஒரு பட்டியல் தந்தாள். "ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி நம்பர் மாமா. சீட்டப் பாத்து, பட்டியலப் பாத்து, அந்த நம்பரக் காலர் உள்பக்கம் எழுதிருங்க. பொறவு சீட்ட எடுத்துட்டு வெளுங்க." சொல்லிவிட்டு ஊருக்குப் பேருந்து ஏறப் போய்விட்டாள். என் அக்காள் வீட்டில்தான் அவளுக்குப் பொங்கல்.

பட்டியலை எறும்புகளைக் கொண்டு எழுதியிருக்கிறார்கள். அதுவும் சவலை எறும்புகள். மடித்து மேசை இழுப்பறையில் மரியாதையாக வைத்தேன். எனக்கு எதற்குப் பட்டியல்? இந்த ஊரில் அறுநூறு வீட்டுத் துணி என் கைவழியாகப் போயிருக்கிறது. வீட்டுக்கு ஒரு குறி. மூன்று புள்ளியும் கோடும் என்றால் தாசில்தார் வீடு. இரட்டைக் கோடு என்றால் அரிசி மண்டி வீடு. குறியைப் பார்த்து வீட்டில் கொண்டுபோய்ச் சேர்ப்பதுடன் என் கடமை முடிந்தது. அப்பன் சட்டை எது, மகன் சட்டை எது என்பதை வீடு பார்த்துக்கொள்ளும். ஆகவே அறைக்கு ஒரு குறி, மொத்தம் இருபத்துநான்கு. ஒவ்வொன்றும் ஒரு பேரரசின் முத்திரைபோல், அழியாத மையில், குச்சியால் பெரிதாகப் போட்டேன். சீட்டுகளைக் குப்பையில் போட்டேன்.

"அண்ணாச்சி, அந்தப் பிள்ள என்னமோ நம்பருல்லா சொல்லிட்டுப் போச்சு" என்றான் மொய்தீன்.

"நம்பர் போடுவது ரேஷன் கடைக்காரன் வேலை. நாம குறி போடுற பரம்பரை."

"நமக்கென்ன" என்று இஸ்திரிப் பெட்டிக்குக் கரி போட்டான்.

ஜனவரி 13

வெளுத்துக் காயப்போட்டாயிற்று. குற்றால மலைக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு மேகங்கள், கொடியில் கிடப்பவை தம் உறவினர் என்று நினைத்து இறங்கிப் பார்த்துவிட்டுப் போயின.

ஜனவரி 15

பொங்கல். சர்க்கரைப் பொங்கலில் நான் உப்பைப் போட்டுவிட்டதாக ஒரு குற்றச்சாட்டு. உப்புக்கும் சீனிக்கும் ஒரே மாதிரி ஜாடி வாங்கி வைத்தது யார் என்பதை யாரும் விசாரிக்கவில்லை. மாலையில் மொய்தீன் வீட்டுக்கு வந்து செய்தித்தாள் வாசித்தான். அவன் குரலுக்குப் பயிற்சி தேவைப்படுவதால் ஐப்பசியிலிருந்து இந்த ஏற்பாடு செய்திருக்கிறேன்.

ஜனவரி 17

செல்வி ஊரிலிருந்து நேராகக் கடைக்கு வந்தாள். அடுக்கி வைத்திருந்த வெண்மையைக் கண்டு திகைத்து நின்றாள். அது இயற்கை. ஒரு காலரைத் திருப்பிப் பார்த்தாள். அடுத்ததைத் திருப்பினாள். மூன்றாவதை.

"மாமா, இது என்ன?"

"ஏழாம் அறை."

"ஏழாம் அறையில யாரு?"

"ஏழாம் அறைக்காரிதான்."

"ஏழாம் அறையில ஆறு பேரு மாமா. ஆறு சட்டையிலயும் ஒரே குறி."

"வீட்டுக்கு ஒரு குறிதானளா? போட்டு ஒரு கட்டுக் கட்டி அறையில வச்சுட்டா, அதுக பாத்து எடுத்துக்கிடும்."

அவள் இஸ்திரி மேசையைப் பிடித்துக்கொண்டாள். "வீட்டுல அப்பா சட்டையும் மகன் சட்டையும் பாத்தாலே தெரியும். இது ஆறும் ஒரே வெள்ளை, ஒரே தையல், கிட்டத்தட்ட ஒரே வயசு. சட்டை மாறிப் போயித்தான போன தடவை தேமல் வந்துச்சு. சீட்டு எங்க?"

குப்பை வண்டி பதினோராம் தேதியே வந்து போயிருந்தது. எங்கள் நகராட்சி சுறுசுறுப்பாக இருந்த ஒரே நாள்.

"பிள்ளையிலருந்து குறிக்குப் போயிட்டீய. குறியிலருந்து பிள்ளைக்கு எப்படி வருவீய? ஆறு பேரும் ஒரே குழியில கிடக்காக." அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை. "நான் வார்த்தை குடுத்திருக்கேன் மாமா. இருபதாம் தேதி சாயங்காலம் பிள்ளையளெல்லாம் வந்துரும்."

வெந்நீர்த் தொட்டியில் மூழ்கி உயிரை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். தொட்டி இடுப்பளவுதான்.

ஜனவரி 18

காலையில் செல்வி ஒரு நோட்டோடு வந்தாள். பள்ளியின் தையல் ஆசிரியை நவம்பரில் சட்டை தைத்தபோது எழுதிய அளவுகள். ஒவ்வொரு பிள்ளைக்கும் நீளம், மார்பு, கை.

"குறி போனா போகுது. சட்டைக்குன்னு ஒரு அளவு இருக்குல்லா? ஒரு அறையில ஆறு பேருக்கும் ஆறு விதமான அளவு இருந்தா, அளவே குறி. அறையும் அளவும் சேந்தா ஆளு வந்துரும்."

என் இரத்தம் அவள் உடலில் ஓடுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று எதற்கு? மொய்தீன் டேப்பைப் பிடித்து அளந்து சொன்னான். நான் சட்டையை விரித்துக் கொடுத்தேன். செல்வி நோட்டைப் பார்த்தாள். முதல் அறை ஆறும் பொருந்தவில்லை. இரண்டாம் அறை. பொருந்தவில்லை. நான்கு அறை போயும் ஒரு சட்டைகூட நோட்டில் உள்ள நீளத்துக்கு வரவில்லை.

"புதுத் துணி அண்ணாச்சி. மொத தண்ணியில சுருங்கியிருக்கு. நீரு வேற கொதிக்க கொதிக்க ஊத்துனீரு" என்றான் மொய்தீன். சிலர் ஆறுதல் சொல்லப் பிறந்தவர்கள்.

செல்வி ஏழாம் அறைச் சட்டைகளை எடுத்தாள். அந்த அறையில் ஒரே ஒரு நெட்டைப் பிள்ளை, ஒரே ஒரு குட்டைப் பிள்ளை. அந்த இரண்டு சட்டைகள் யாருடையவை என்பதில் குருடனுக்கும் சந்தேகம் வராது. இரண்டையும் அளக்கச் சொன்னாள். நெட்டைச் சட்டையில் முக்கால் இஞ்ச் குறைந்தது. குட்டைச் சட்டையிலும் முக்கால் இஞ்ச் குறைந்தது. நடுவில் உள்ளவற்றையும் பார்த்தாள். அங்கும் முக்கால்.

பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு சிரித்தாள். இரண்டு நாளில் முதல் சிரிப்பு.

"மாமா, எல்லாம் ஒண்ணுபோலச் சுருங்கியிருக்கு. ஒண்ணோட ஒண்ணு கலக்கல. அப்ப சுருங்குனதுக்கு நேர்மாறு இருக்கு. முக்கால் கூட்டுங்க, நவம்பர் மாசம் வந்துரும்."

கூட்டினோம். நவம்பர் வந்தது. ஒவ்வொரு சட்டையாகத் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு எழுந்து நின்றதுபோல் இருந்தது. மாலைக்குள் பதினான்கு அறை முடிந்தது. என் வெந்நீர் நூற்று நாற்பத்து நான்கு சட்டைகளை நூல் பிசகாமல் ஒரே அளவில் சுருக்கியிருக்கிறது என்பதை இங்கே பதிவு செய்கிறேன். உலகில் வேறெந்த லாண்டரியும் இவ்வளவு நியாயமாகச் சுருக்கியதில்லை.

ஜனவரி 19

மொய்தீன் நண்பகல் தொழுகைக்குப் போயிருந்தான். நேரத்தை வீணாக்க வேண்டாமென்று டேப்பை நானே எடுத்து அளந்தேன்.

"இருபத்தெட்டு" என்றேன்.

செல்வி எழுதப் போனவள் நிமிர்ந்து பார்த்தாள். எழுந்து வந்தாள். டேப்பின் சென்டிமீட்டர் பக்கம் மேலே இருந்ததாம். அதில் எழுபத்தொன்று என்று இருந்ததாம். டேப்பைத் திருப்பி இஞ்ச் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இருபத்தெட்டு. பிசகே இல்லை. என் ஒரு சாண் ஒன்பது இஞ்ச். மூன்று சாணும் ஒரு விரற்கடையும் அதற்கு மேலொரு பொடியும். முப்பத்தோரு ஆண்டு துணி தடவிய கைக்கு டேப் எதற்கு என்று விளக்கினேன்.

அவள் விளக்கத்தைக் கேட்டதாகத் தெரியவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து பட்டியலை எடுத்தாள். தந்த மடிப்பு அப்படியே இருந்தது.

"எத்தனை மாசமா மாமா?"

"எதுக்கு எத்தனை மாசம்?" என்று அரசவைத் தொனியில் கேட்டேன்.

பட்டியலை அதே மடிப்பில் மடித்து வைத்துவிட்டு டேப்பை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். பிறகு அவள் அளந்தாள், அவளே எழுதினாள். கடை பல்புகள் மிகவும் மங்கல், மாற்ற வேண்டும்.

மாலை நான்கு மணிக்கு நூற்று நாற்பத்திரண்டு முடிந்தது. இரண்டு நின்றுவிட்டது. பத்தொன்பதாம் அறையில் சுபலட்சுமி, ஜெயலட்சுமி என்று இரட்டைப் பிள்ளைகள். நீளம் ஒன்று, மார்பு ஒன்று, கையும் ஒன்று. நவம்பரிலும் ஒன்று, இப்போதும் ஒன்று. நான் இரண்டு சட்டைகளையும் தடவினேன், முகர்ந்தேன், வெளிச்சத்தில் பிடித்தேன். கடவுளே ஒன்றைத் தைத்துவிட்டு அலுப்பில் நகலெடுத்ததுபோல் இருந்தன.

"ஆளுக்கொண்ணா கட்டில்ல போட்டுருவோம்" என்றான் மொய்தீன். "சரியா இருந்தா இருக்கட்டும். மாறியிருந்தாலும் எவளுக்குத் தெரியப் போகுது?"

அது எனக்குச் சிறந்த யோசனையாகப் பட்டது. செல்வியைப் பார்த்தேன். அவள் இரண்டு சட்டைகளையும் தனித்தனியாக மடித்து, அடுக்குகளில் சேர்க்காமல், ஒரு பையில் போட்டாள்.

"சரியா இருந்தாலும் எனக்குத் தெரியாதே" என்றாள்.

ஜனவரி 20

பெரிய பதிவு. சுந்தரவடிவு சாப்பிடக் கூப்பிடுகிறாள். காத்திருக்கட்டும்.

விடுதியில் கட்டில் கட்டிலாக நூற்று நாற்பத்திரண்டு சட்டைகளை வைத்தோம். செல்வி பெயர் வாசிக்க, மொய்தீன் எடுத்து நீட்ட, நான் வைத்தேன். அருள்மணி அம்மாள் கைகளைக் கட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தார். பத்தொன்பதாம் அறையில் இரண்டு கட்டில் காலியாக இருந்தன.

"இது என்ன?"

செல்வி பையை நீட்டினாள். எல்லாவற்றையும் சொன்னாள். அறைக் குறி, சீட்டு, நோட்டு, முக்கால் இஞ்ச், இரட்டைப் பிள்ளைகள். "இந்த ரெண்டும் யாருதுன்னு எங்களுக்குத் தெரியல மேடம். மாறாதுன்னு நான் சொன்னேன். ரெண்டு மாறியிருக்கலாம்."

"தனித்தனி நம்பர் போடணும்னுதான பேச்சு? ஏன் போடல?"

"பட்டியல நான்தான் மேடம் சரியா..." என்று அவள் தொடங்கினாள்.

அவள் பொய் சொல்லப் பழகியவள் அல்ல. பாதியிலேயே திணறினாள். பொய் என் துறை. அதில் எனக்கு நாற்பது ஆண்டு அனுபவம். அந்த இடத்தில் சொல்வதற்கு என்னிடம் குறைந்தது பன்னிரண்டு பொய்கள் தயாராக இருந்தன. ஒன்றில் யானைகூட வருகிறது. வாயைத் திறந்தபோது அவற்றில் ஒன்றும் வரவில்லை.

"பட்டியல் வந்துச்சும்மா" என்றேன். "அவ கையில குடுத்துட்டுத்தான் போனா. என்னால வாசிக்க முடியல. ஐப்பசியிலருந்து எழுத்துத் தெரியல. தெரியும் தெரியும்னு சொல்லிக்கிட்டு அலைஞ்சேன். சீட்டத் தூரப் போட்டதும் நான்தான்."

மொய்தீன் தரையைப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்திருக்கிறது. திருட்டுப் பயல்.

அருள்மணி அம்மாள் என்னை விட்டுவிட்டுச் செல்வியிடம் கேட்டார்: "கட்டிலுக்கு ஒண்ணா வச்சுட்டு, எல்லாம் சரின்னு சொல்லியிருந்தா நான் கண்டுபிடிச்சிருப்பனா?"

"முடியாது மேடம்."

"நான் கண்டுபிடிக்க முடியாதுன்னு உன் மாமாவுக்கும் தெரியுமா?"

"தெரியும் மேடம்."

ஐந்து மணிக்குப் பிள்ளைகள் வந்தார்கள். ஒவ்வொருத்தியும் சட்டையைப் போட்டுக் காட்ட வேண்டும் என்று உத்தரவு. அருள்மணி அம்மாள் தோளையும் கையையும் இழுத்து இழுத்துப் பார்த்தார். நூற்று நாற்பத்திரண்டும் அளந்து ஊற்றியதுபோல் உட்கார்ந்தன. இரட்டைப் பிள்ளைகளைக் கூப்பிட்டு இரண்டு சட்டைகளையும் நீட்டி, உன்னது எது என்று கேட்டார். ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்தாள். "எங்களுக்கும் தெரியாது மேடம்" என்றாள். எவள் சொன்னாள் என்பது எனக்குத் தெரியாது. அருள்மணி அம்மாளுக்கும் தெரியவில்லை என்று நினைக்கிறேன். "ஆளுக்கொண்ணு எடுத்து இப்பவே பேர எழுதுங்க, இனிமே மாத்துனா தோலை உரிச்சுருவேன்" என்றார்.

பிறகு ரசீதுப் புத்தகத்தில் எழுதி, எனக்குக் கேட்கும்படி வாசித்தார்: "நூற்று நாற்பத்திரண்டு சரி. இரண்டு தெரியாது." கிழித்துக் கொடுத்துவிட்டு, "சனிக்கிழமை அடுத்த மூட்டை எடுக்க வாங்க. பட்டியல மொய்தீன் பாய் வாசிக்கட்டும், நீங்க குறி போடுங்க, ஆளுக்கு ஒரு குறி" என்றார். செல்வியிடம், "அந்த ஒரு வரி இருக்கே, அதை நாளைக்கு எழுதி ஆபீஸ்ல குடுத்துருதேன்" என்றார்.

தெருவில் நடக்கும்போது செல்வி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். வழக்கமாக உதறிவிடுவேன். இன்று தெற்குமாசி வீதியே அறியும்படி, என் அக்காள் மகள் பிடித்துக்கொண்டு வர, பட்டாபிஷேகத்துக்குப் போகிறவன்போல் நடந்தேன்.

ஜனவரி 26

வரும் திங்கட்கிழமை கண் ஆஸ்பத்திரி. செல்வி சீட்டு எடுத்துவிட்டாள்.

பள்ளி மைதானத்தில் அணிவகுப்பு. அருள்மணி அம்மாள் எனக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார். எனக்கு இடப்புறம் நகராட்சித் தலைவர். அவருக்கு அந்தப் பெருமை கிடைத்தது. மேளம் அடித்தார்கள். நூற்று நாற்பத்து நான்கு பேரும் எங்கள்முன் நடந்து போனார்கள். முடிந்ததும் செல்வி ஓடிவந்தாள்.

"எப்படி மாமா இருந்துச்சு? பிள்ளையளப் பாத்தீயளா?"

"பிள்ளையளத் தெரியலளா" என்றேன். இரண்டாம் முறை சொல்வது அவ்வளவு கடினமாக இல்லை. "முகம் தெரியல, வரிசை தெரியல. வெள்ளை தெரிஞ்சுது."

தெரியாமல் இருக்குமா? நான் வெளுத்த வெள்ளை தெரியாமல் போக வேண்டுமானால், கண் மட்டும் கெட்டால் போதாது.